ஒரே மென்பொருளில் பல நிரலாக்க முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் பதில்களில் பெரும்பாலும் ஒரே உதாரணத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்: பைத்தானில் எழுதப்பட்ட, ஜிஎஸ்டி இன்வாய்ஸ் போடும் ஒரு பில்லிங் மென்பொருள். கணக்கு, டேட்டாபேஸ், பிடிஎஃப், ஒரே நேரத்தில் பல கவுண்டர்கள் என்று எல்லாத் தலைவலியும் அதில் உண்டு.

நிரலாக்க முறை, அதாவது பாரடைம் என்றால் என்ன, சுருக்கமாக?

ஒரு வேலையை எப்படித் துண்டுகளாகப் பிரிக்கிறோம், மாறிக்கொண்டே இருக்கும் தகவலை யார் பொறுப்பில் விடுகிறோம் என்பதற்கான ஒரு பாணி. ராபர்ட் ஃபிளாய்ட் தன் 1978 டூரிங் விருது உரையை இந்தத் தலைப்பில் ஆற்றிய பிறகு இந்தச் சொல் புரோகிராமர்களிடையே நிலைத்துவிட்டது. படிப்படியாகக் கட்டளை கொடுப்பது ஒரு முறை. தகவலையும் அதை மாற்றும் உரிமையையும் ஒரு ஆப்ஜெக்டுக்குள் வைப்பது இன்னொன்று. எதையும் மாற்றாமல், உள்ளே வந்த மதிப்பிலிருந்து புது மதிப்பைக் கணக்கிட்டுத் தருவது ஃபங்ஷனல். என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லி, எப்படி என்பதை இயந்திரத்திடம் விடுவது டிக்ளரேட்டிவ். டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் மொழி அதற்குப் பக்கத்து வீட்டு உதாரணம்.

பட்டியல் இன்னும் நீளும். ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கும்போது கவனிக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தகவலை மாற்றும் உரிமை யாருக்கு?

ஜாவா என்றால் ஓஓபி (ஆப்ஜெக்டுகளை மையமாக வைக்கும் முறை), ஹாஸ்கெல் என்றால் ஃபங்ஷனல் என்றுதானே கல்லூரியில் படித்தோம்?

தேர்வுக்கு அது போதும். வரலாறு வேறு மாதிரி. கிளாஸ், அதாவது ஆப்ஜெக்டுக்கான வார்ப்பு, என்ற கருத்தைக் கொண்டுவந்த சிமுலா 67 மொழி, ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நியூகார்டும் உருவாக்கியது. அது ஆல்கால் 60 என்ற கட்டளை மொழியின் மேலே கட்டப்பட்ட நீட்சி. ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஸ்மால்டாக்கை ‘சுத்தமான’ ஓஓபி என்பார்கள். அதில் ஒரு பட்டியலை வடிகட்ட ஒரு துண்டுக் கோடையே (நிரலையே) ஆர்க்யுமென்டாக அனுப்புவார்கள், அது முழுக்க ஃபங்ஷனல் பழக்கம். பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979-இல் பெல் லேப்ஸில் சி மொழிக்குக் கிளாஸ் சேர்க்கத் தொடங்கியதுதான் சி++ ஆனது. பைத்தான் 1.0 வெளிவந்த 1994-லேயே லாம்டா, மேப், ஃபில்டர் என்ற ஃபங்ஷனல் கருவிகள் மூன்றும் அதில் இருந்தன. எல்லாம் கிளாஸுக்குள்தான் என்று அடம்பிடித்த ஜாவாகூட 2014-இல், எட்டாம் பதிப்பில், லாம்டாவையும் ஸ்ட்ரீமையும் உள்ளே விட்டது. 2021-இல் மாறாத மதிப்புகளுக்கான ரெக்கார்டு, 2023-இல் வந்த 21-ஆம் பதிப்பில் சுவிட்சுக்குள் பேட்டர்ன் மேட்ச்சிங் (மதிப்பின் வடிவத்தைப் பார்த்துக் கிளை பிரிப்பது) என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன.

ஆக, இன்று வேலைக்குப் பயன்படும் மொழிகளில் பெரும்பாலானவை கலப்பு மொழிகள்தான். ‘நான் ஓஓபி ஆள்’ என்று சொல்லிக்கொள்வதற்கு இப்போது பெரிய பொருள் இல்லை.

ஒரே முறையில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சின்ன ஸ்கிரிப்டில் ஒன்றும் குறையாது. நம் இன்வாய்ஸ் மென்பொருளை முழுக்கக் கிளாஸாக எழுதிப் பார்ப்போம். இன்வாய்ஸ் என்று ஒரு கிளாஸ். அதற்குள் ‘வரியைக் கணக்கிடு’ என்று ஒரு மெத்தட். அந்த மெத்தட் வாடிக்கையாளர் ஆப்ஜெக்டிடம் மாநிலத்தைக் கேட்கும், பொருள் ஆப்ஜெக்டிடம் வரி விகிதத்தைக் கேட்கும், கணினியிடம் இன்றைய தேதியைக் கேட்கும், கடைசியில் தன் உள்ளேயே ஐந்து ஃபீல்டுகளை மாற்றிவைக்கும். இதற்கு டெஸ்ட் எழுத உட்கார்ந்தால் போலி வாடிக்கையாளர், போலிப் பொருள், போலிக் கடிகாரம் எல்லாம் வேண்டும். பெருக்கல் கணக்கு ஒன்றைச் சரிபார்க்க இவ்வளவு சடங்கு!

அதையே முழுக்க ஃபங்ஷனலாக எழுதினால் கணக்கு அழகாக வரும். ஆனால் இன்வாய்ஸ் எண் வரிசையாக ஏற வேண்டும், பிரிண்டர் காகிதம் தீர்ந்தால் சொல்ல வேண்டும், பாதியில் மின்சாரம் போனால் பாதி பில் சேமிக்கப்படக் கூடாது. இவையெல்லாம் இயல்பிலேயே ‘இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்ற வேலைகள். பைத்தான் மாதிரி மொழியில் இதற்கு மோனாட் (ஃபங்ஷனல் மொழிகள் இத்தகைய வரிசை வேலைகளைக் கோக்கும் உத்தி) அது இதுவென்று சுற்றி வளைப்பது, அடுத்து அந்தக் கோடைப் படிக்கப்போகிறவரை வதைப்பதற்குச் சமம்.

அப்படியென்றால் எந்த இடத்துக்கு எந்த முறை?

கணக்கும் விதிகளும் ஃபங்ஷனல். உள்ளே வருவது மாறாத மதிப்புகள், வெளியே போவது மாறாத மதிப்புகள், நடுவில் டேட்டாபேஸும் இல்லை கடிகாரமும் இல்லை. அதைச் சுற்றி ஒரு மெல்லிய ஓடு: டேட்டாபேஸிலிருந்து எடு, கணக்கைக் கூப்பிடு, சேமி, பிடிஎஃப் அனுப்பு. இந்த ஓட்டைச் சாதாரணக் கட்டளை முறையில், மேலிருந்து கீழே படிக்கும்படி எழுதலாம். கேரி பெர்ன்ஹார்ட் 2012-இல் ஃபங்ஷனல் உட்கரு, கட்டளை ஓடு என்று இந்த அமைப்புக்குப் பெயர் வைத்து விளக்கியபின் அது பரவலானது.

வரி விகிதங்களை டிக்ளரேட்டிவாக, ஒரு அட்டவணையாக வையுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றி அமைக்கப்பட்டன. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் வேறு அடுக்குக்குப் போயின. விகிதத்தை இஃப்-எல்ஸுக்குள் புதைத்து வைத்திருந்தவர்கள் கோடு முழுக்கத் தேட வேண்டியிருந்தது. எச்எஸ்என் எண் (பொருளின் வகையைக் குறிக்கும் குறியீடு), விகிதம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று அட்டவணையாக வைத்திருந்தவர்களுக்குச் சில வரிசைகளைச் சேர்க்கும் வேலை. பழைய வரிசையை அழிக்கக் கூடாது. ஆகஸ்டில் விற்ற பொருள் அக்டோபரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டுக்கு (பில் தொகையைக் குறைக்கும் ஆவணத்துக்கு) பழைய விகிதம் வேண்டும்.

விதிகள் சிக்கலாக இருந்தால்?

அங்கேதான் ஃபங்ஷனல் முறை தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. விகிதம் மாறும் சமயத்தில் எந்த விகிதம் பொருந்தும் என்பதைச் சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. மூன்று நிகழ்வுகள்: பொருளோ சேவையோ வழங்கப்பட்டது, இன்வாய்ஸ் போட்டது, பணம் வந்தது. ஒவ்வொன்றும் மாற்றத் தேதிக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கலாம். ஆக மொத்தம் எட்டுச் சேர்க்கைகள்.

இதை இஃப்புக்குள் இஃப்பாக எழுதியிருக்கும் கோடைப் படித்தால் மூன்றாவது அடுக்கிலேயே தலை சுற்றும். பைத்தான் 3.10-இல், அதாவது 2021-இல் வந்த மேட்ச் கட்டளையை வைத்து, ‘முன், முன், பின்’ மாதிரி மூன்று மதிப்புகளை ஒரு டப்பிளாக்கி (மாற்ற முடியாத பட்டியலாக்கி) எழுதினால் சட்டம் சொல்லும் சேர்க்கைகள் அப்படியே கோடில் தெரியும். கணக்காளர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சரிபார்க்கலாம். எழுதி முடித்தபின் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும்: மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து விகிதம்தான் விடை. முழு விதியும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது.

நான் என்றால் அந்த ஒரு வரியை எழுதி, எட்டுச் சேர்க்கைகளையும் டெஸ்டில் அட்டவணையாக வைப்பேன். சட்டம் திருத்தப்பட்டால் அந்த அட்டவணையைத் திருத்தினால் போதும், எந்தச் சேர்க்கை உடைந்தது என்று டெஸ்ட் காட்டிக்கொடுக்கும். இதில் கிளாஸுக்கு ஒரு வேலையும் இல்லை. ‘விகிதத் தீர்மானிப்பான்’ என்று ஒரு கிளாஸைக் கட்டி, அதில் ஒரே ஒரு மெத்தட் வைத்திருக்கும் கோடை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிறகு கிளாஸே வேண்டாமா?

வேண்டும், இரண்டு இடங்களில் கட்டாயம் வேண்டும்.

முதலாவது, தவறாகப் பயன்படுத்தவே முடியாதபடி ஒரு மதிப்பைக் காக்க. பணம் நல்ல உதாரணம். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, ஆனாலும் ஃப்ளோட்டில் (தோராயமாகச் சேமிக்கப்படும் தசம எண்ணில்) பணத்தை வைத்திருக்கும் மென்பொருளுக்கு இன்றும் பஞ்சமில்லை. ‘பணம்’ என்று ஒரு சின்ன கிளாஸ்: உள்ளே துல்லியமான டெசிமல், கூட்டலாம், விகிதத்தால் பெருக்கலாம், பணத்தைப் பணத்தால் பெருக்க முடியாது, ரவுண்டு செய்யும் விதி ஒரே இடத்தில். இது கிளாஸ்தான், ஆனால் மாறாத மதிப்பு. இரண்டு முறைகளும் சண்டையில்லாமல் ஒன்றாக இருக்கும் இடம் இது.

ரவுண்டு செய்வது அற்ப விஷயம் என்று நினைக்க வேண்டாம். 99.50 ரூபாய்க்கு 18 சதவீதம் 17.91 ரூபாய். அதே மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரிகிறது. தனித்தனியாகக் கணக்கிட்டால் ஒவ்வொன்றும் 8.955, ரவுண்டு செய்தால் 8.96, மொத்தம் 17.92. ஒரு பைசா எங்கிருந்து வந்தது என்று மாதக் கடைசியில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, வாழ்க்கைச் சுழற்சி உள்ள பொருட்களுக்கு. இன்வாய்ஸ் முதலில் வரைவு, பிறகு வழங்கப்பட்டது, சில நேரம் ரத்து. வழங்கியபின் தொகையைத் திருத்தக் கூடாது, கிரெடிட் நோட்தான் போட வேண்டும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்ற காவல் வேலை ஆப்ஜெக்டுக்கு நன்றாகப் பொருந்தும்.

புதிய வகைகள் அடிக்கடி வந்தால் ஓஓபி, இல்லையென்றால் ஃபங்ஷனல் என்கிறார்களே?

ஓரளவு சரி. 1998-இல் பிலிப் வாட்லர் ‘எக்ஸ்பிரஷன் பிராப்ளம்’ என்று பெயரிட்டது இதைத்தான். கிளாஸாகப் பிரித்தால் புது வகை சேர்ப்பது சுலபம், புதுச் செயல் சேர்க்க எல்லாக் கிளாஸையும் தொட வேண்டும். ஃபங்ஷனாகப் பிரித்தால் நேர் எதிர்.

நம் மென்பொருளில் ஆவண வகைகள் குறைவு. சட்டம்தான் அவற்றைத் தீர்மானிக்கிறது: வரி இன்வாய்ஸ், பில் ஆஃப் சப்ளை, கிரெடிட் நோட், டெபிட் நோட். ஆனால் அவற்றை வைத்துச் செய்ய வேண்டியவை கூடிக்கொண்டே போகும். பிடிஎஃப் வேண்டும், இ-இன்வாய்ஸுக்கு ஜேசன் வேண்டும், லெட்ஜரில் பதிய வேண்டும், எக்செல் வேண்டும். இங்கே ஃபங்ஷன்களும் மேட்ச்சும் பொருந்தும். பணம் வாங்கும் வழிகளுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ரொக்கம், கார்டு, யுபிஐ, நாளைக்கு இன்னொன்று; ஆனால் செய்வது இரண்டே வேலைதான், பணம் வாங்கு, திருப்பிக் கொடு. இங்கே ஒரு இன்டர்ஃபேஸும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு கிளாஸும். ஒரே புராஜெக்டில் இரண்டு பதில்கள் வருவதில் தவறே இல்லை.

கலக்கும்போது எங்கே அடி விழும்?

எல்லைகளில். ஃபங்ஷனல் பாதி ‘எதுவும் மாறாது’ என்று நம்பிக்கொண்டிருக்கும், ஆப்ஜெக்ட் பாதி அமைதியாக மாற்றிக்கொண்டிருக்கும்.

பைத்தான் 3-இல் மேப், ஃபில்டர், ஜெனரேட்டர் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது) எல்லாம் ஒரு முறை மட்டுமே ஓடும். இன்வாய்ஸில் உள்ள பொருள் வரிசைகளை ஜெனரேட்டராக வைத்து முதலில் மொத்தம் கூட்டுகிறீர்கள், பிறகு அதையே பிடிஎஃப்புக்கு அனுப்புகிறீர்கள். மொத்தம் சரியாக இருக்கும், பில்லில் ஒரு பொருள்கூட இருக்காது. எரர் எதுவும் வராது என்பதுதான் கொடுமை. எல்லையைத் தாண்டும்போது லிஸ்டாகவோ டப்பிளாகவோ மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஓஆர்எம் (டேட்டாபேஸ் தகவலை ஆப்ஜெக்டாகக் காட்டும் கருவி) தரும் ஆப்ஜெக்ட். பைத்தானின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவின் மாடல் ஆப்ஜெக்டை அப்படியே கணக்கு ஃபங்ஷனுக்கு அனுப்பினால் பார்க்க ஃபங்ஷனலாகத் தெரியும். உள்ளே ‘இந்த வரிசையின் பொருள்’ என்று ஒரு ஃபீல்டைத் தொட்டதும் சத்தமில்லாமல் ஒரு கொரி (தகவல் கேட்கும் கோரிக்கை) டேட்டாபேஸுக்குப் போகும். நூறு வரிசைக்கு நூறு கொரி. அதனால் ஓட்டிலேயே தேவையானதை மொத்தமாக எடுத்து, உறைந்த டேட்டாகிளாஸாக (தகவலை மட்டும் வைத்திருக்கும், மாற்ற விடாத கிளாஸாக) மாற்றி உள்ளே அனுப்புவது நல்லது. இது கூடுதல் எழுத்துவேலை என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அந்த உறைந்த டேட்டாகிளாஸிலும் ஒரு பொறி உண்டு. ஃபீல்டுக்குப் புது மதிப்பு கொடுப்பதைத்தான் அது தடுக்கும். உள்ளே லிஸ்ட் இருந்தால் அதில் தாராளமாக அப்பெண்ட் செய்யலாம். லிஸ்டுக்குப் பதில் டப்பிள் போடுங்கள்.

ஜாவாக்காரர்களுக்கு: ஸ்ட்ரீமுக்குள் நின்றுகொண்டு வெளியே இருக்கும் அர்ரேலிஸ்டில் சேர்க்காதீர்கள். இன்று ஓடும். நாளை யாராவது அதைப் பேரலல் ஆக்கினால் சில வரிகள் காணாமல் போகும். ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு: மெத்தடைக் கால்பேக்காகக் கையில் கொடுத்தால் ‘திஸ்’ (எந்த ஆப்ஜெக்டின் மெத்தட் என்ற தொடர்பு) கழன்றுவிடும், வரிசைப்படுத்தும் சார்ட் மூல அர்ரேயையே மாற்றிவிடும். 2023 பதிப்பில் வந்த டுசார்ட்டட் புது அர்ரேயைத் தரும்.

பிழைகளைக் கையாள்வதிலும் கலப்படம் வேண்டாம். கணக்குப் பகுதி ‘எச்எஸ்என் எண்ணுக்கு விகிதம் இல்லை’ என்பதை ஒரு மதிப்பாகத் திருப்பித் தருகிறது என்றால் அந்தப் பகுதி முழுக்க அப்படியே இருக்கட்டும். எக்ஸெப்ஷன் ஓட்டில் மட்டும். ஒரு ஃபங்ஷன் ‘மதிப்பு இல்லை’ என்பதற்கான None தருவது, பக்கத்து ஃபங்ஷன் எக்ஸெப்ஷன் எறிவது என்றிருந்தால் கூப்பிடுபவர் இரண்டையும் மறப்பார்.

ஒரே நேரத்தில் இரண்டு கவுண்டரில் பில் போட்டால்?

இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் வரிசையாகவும் மீண்டும் வராமலும் இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ‘கடைசி எண்ணைப் பார், ஒன்று கூட்டு’ என்று எழுதினால் இரண்டு கவுண்டருக்கும் ஒரே எண் கிடைக்க வாய்ப்புண்டு. எவ்வளவு சுத்தமான ஃபங்ஷனாக எழுதினாலும் இது தீராது, ஏனென்றால் இது உண்மையிலேயே பகிரப்பட்ட ஸ்டேட், அதாவது பலர் சேர்ந்து மாற்றும் தகவல்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் தானாக அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸைப் போடலாமே என்று தோன்றும். ட்ரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனால் (சேமிப்பு பாதியில் கைவிடப்பட்டால்) சீக்வென்ஸில் அந்த எண் வீணாகி இடைவெளி விழும், ஆடிட்டர் கேட்பார். கடைசி எண்ணை மட்டும் வைத்திருக்கும் ஒரு வரிசையை டேட்டாபேஸில் வைத்து, அதைப் பூட்டி, எண்ணை ஏற்றி, இன்வாய்ஸை அதே ட்ரான்சாக்ஷனில் சேமிப்பதே வழி. மாறும் ஒரே விஷயம் ஒரே இடத்தில், டேட்டாபேஸின் காவலில். எரிக்சனில் பிறந்த எர்லாங் மொழி இதே பிரச்சினைக்கு வேறு விடை சொல்கிறது: ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு தனி புராசஸ், வெளியார் அதற்குச் செய்தி மட்டும் அனுப்பலாம். புராசஸுக்குள் எழுதுவது ஃபங்ஷனல், புராசஸ்களுக்கு இடையே பழைய ஓஓபிக்காரர்கள் கனவு கண்ட செய்திப் பரிமாற்றம். ரஸ்ட் மொழி, கம்பைலரையே காவலுக்கு நிறுத்துகிறது: ஒரு மதிப்பைப் பலர் படிக்கலாம், அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம்.

எதையும் மாற்றாமல் நகல் எடுத்துக்கொண்டே இருந்தால் வேகம் குறையாதா?

நாற்பது வரி இன்வாய்ஸை நகலெடுப்பதற்கு ஆகும் நேரம், ஒரே ஒரு டேட்டாபேஸ் கொரிக்கு முன்னால் கணக்கிலேயே வராது. லட்சக்கணக்கில் எண்களை அரைக்கும் இடத்தில் கேள்வி நியாயமானது. அங்கே ஃபங்ஷனுக்குள் மட்டும் லூப் போட்டு, உள்ளூர் லிஸ்டை இஷ்டம்போல மாற்றி, கடைசியில் முடிவை மட்டும் வெளியே கொடுங்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது சுத்தமான ஃபங்ஷன்தான். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. குளோஜர் மொழியிலேயே இதற்கென்று தனி வசதி உண்டு.

டீமில் ஆளுக்கொரு பாணியில் எழுதினால்?

எந்தப் பாணி உயர்ந்தது என்ற விவாதத்தை மீட்டிங்கில் தொடங்கவே விடாதீர்கள், மதியச் சாப்பாடு ஆறிவிடும். ஃபோல்டர்வாரியாக விதி வையுங்கள். கணக்கு ஃபோல்டருக்குள் டேட்டாபேஸ் இம்போர்ட் இல்லை, இப்போதைய நேரத்தைக் கேட்பது இல்லை. இதை ரிவ்யூவில் மனிதர்கள் பிடிக்க வேண்டியதில்லை. இம்போர்ட்-லின்டர் மாதிரி ஒரு கருவி பிடித்துக்கொடுக்கும். அந்த எல்லைக்குள் ஒருவர் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் (ஒரே வரியில் லிஸ்ட் கட்டும் முறை) எழுதுகிறாரா, ஃபார் லூப் எழுதுகிறாரா என்பதில் நான் தலையிட மாட்டேன். மூன்று அடுக்குக் காம்ப்ரிஹென்ஷன் வந்தால் மட்டும் லூப்பாகப் பிரிக்கச் சொல்வேன்.

புதிதாகக் கற்பவர் எதில் தொடங்கலாம்?

கையில் இருக்கும் மொழியிலேயே. கொஞ்சம் பழகியபின் ஹாஸ்கெல் அல்லது எலிக்சரில் ஒரு சின்ன வேலையை முடித்துப் பாருங்கள். மாற்றவே விடாத மொழியில் சில வாரம் இருந்துவிட்டு வந்தால், பைத்தானில் எங்கெல்லாம் தேவையில்லாமல் மாற்றிக்கொண்டிருந்தோம் என்பது தானாகத் தெரியும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோடை எப்படி மாற்றுவது?

மொத்தமாகத் திருப்பி எழுதக் கூடாது. டேட்டாபேஸிலிருந்து எடுத்து, கணக்கிட்டு, சேமித்து, மெயிலும் அனுப்பும் ஒரு நீளமான ஃபங்ஷன் நிச்சயம் இருக்கும். முதலில் உண்மையான பழைய இன்வாய்ஸ்களைத் தேர்ந்தெடுத்து, உள்ளீடு என்ன, விடை என்ன என்று பதிந்துவைத்து டெஸ்ட்டாக்குங்கள். மாநிலத்துக்குள், மாநிலத்துக்கு வெளியே, தள்ளுபடி உள்ளது, ரிட்டர்ன் ஆனது என்று எல்லா ரகமும் இருக்கட்டும். அப்புறம் அந்த ஃபங்ஷனுக்குள் ‘இப்போது மணி என்ன’ என்று கேட்கும் இடங்களை எல்லாம் ஆர்க்யுமென்டாக வெளியே இழுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதிச் சிக்கல் அவிழும். அதற்கடுத்து டேட்டாபேஸ் எடுப்புகளை மேலே தள்ளுங்கள், சேமிப்பதையும் மெயிலையும் கீழே தள்ளுங்கள். நடுவில் மிஞ்சுவதைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்தால் அதுதான் உங்கள் உட்கரு.

இதைச் செய்யும்போது பழைய கணக்கில் ஒரு பைசா தவறாக ரவுண்டு ஆவது கண்ணில் படலாம். முதல் சுற்றில் அதே தவறான பைசாவைத் தரும்படியே எழுதுங்கள். அந்தத் தொகை ஏற்கெனவே ஜிஎஸ்டி ரிட்டர்னில் போயிருக்கிறது. திருத்தலாமா, எந்தத் தேதியிலிருந்து என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, தனி கமிட்டில் மாற்றுங்கள்.